முற்றிய இலையின் பொழுது

நெகிரி செம்பிலான் தேயிலைக்குப் பேர்போன மாநிலம் அன்று. சிரம்பானைச் சுற்றிய சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லைபீரியக் காப்பி பயிரானது. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்தபின், அந்த நிலங்களில் தமிழர் பால்மரம் என்றழைத்த ரப்பர் ஏறியது. 1960களிலிருந்து ரப்பரும் படிப்படியாகச் செம்பனைக்கு வழிவிட்டது. லாபு, ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் என நீளும் தோட்டப்புறப் பெயர்களில் இந்தப் பயிர்களின் வரலாறும், அவற்றை நட்டும் வெட்டியும் சுமந்தும் வாழ்ந்த தமிழர்களின் வரலாறும் கலந்து கிடக்கின்றன. ஆயினும் அந்தத் தமிழர்கள் நாள்தோறும் குடித்தது தங்கள் தோட்டத்தில் விளையாத ஒன்றை. தேத்தண்ணிக்கான தூள் இலங்கை மலையகம் போன்ற இடங்களிலிருந்தும், 1929இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட கேமரன் மலையிலிருந்தும் வந்தது. அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. ஒரு தோட்டத் தமிழரின் கைப்பாட்டை மற்றொரு தோட்டத் தமிழர் கடையில் பற்றெழுதி வாங்கிக் குடித்தார் என்பதைத் தேயிலையின் வரலாற்றை எழுதியவர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை.

இத்தகைய நிலத்தில், சீனாவின் ஃபூஜியன் மாநிலத்து வெள்ளைத் தேயிலையை அழுத்திச் செய்த வட்டு ஒன்றைப் பெயர்த்தெடுத்து, ஒரே இலையின்மீது எட்டு முறை, பத்து முறை வெந்நீர் வார்த்து ஒவ்வொரு வடிப்பாகச் சுவைப்பது முதற்பார்வைக்கு வேண்டாத நாசூக்காகவே தோன்றும். விலையைப் பார்த்தால் அப்படித் தோன்ற நியாயமில்லை. வெள்ளைத் தேயிலைகளில் மலிவானதைப் பற்றியே இங்குப் பேச்சு. நாசூக்கு என்று தோன்றச் செய்வது அதற்குத் தேவைப்படும் பொழுது. ஒரு தேயிலை தன்னிடம் உள்ளதை எவ்வளவு நேரத்தில் கொடுத்துத் தீர்க்கிறது என்பதற்கும், அதைக் குடிப்பவரின் நேரம் யாருக்குச் சொந்தம் என்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

தோட்டத் தேத்தண்ணியின் இயல்பை விளங்கிக்கொள்ள ரப்பர் மரத்திலிருந்து தொடங்க வேண்டும். அதன் பட்டைக்குள் ஓடும் பால் நாளங்களில் அழுத்தம் விடியலுக்கு முன்னரே மிகுதியாக இருக்கிறது. வெயில் ஏறியபின் இலைகளின் வழியே நீர் ஆவியாகிப் போவதால் அழுத்தம் தளர்ந்து, பால் ஒழுகுவதும் குறைகிறது. எனவே மரம் வெட்டுபவர் இருட்டோடு எழுந்தாக வேண்டும். பெரட்டு எனப்பட்ட ஆள்கணக்கெடுப்பில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, தனக்குரிய நிரையில் சில நூறு மரங்களை வெட்டி முடிக்க வேண்டும். அதன்பின், மரத்தில் கட்டிய மங்குகளில் பால் சொட்டி நிறையும்வரை ஓர் இடைவேளை கிடைக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியோ பழைய சோறோ உண்டு, போத்தலில் ஆறிப்போயிருக்கும் தேத்தண்ணியைக் குடித்துப் பசியாறியது அப்போதுதான். அந்த இடைவேளையைத் தந்தது மரமே அன்றி நிர்வாகம் அன்று. பால் சொட்டி நிற்கும்போது வாளியோடு மறுபடி புறப்பட்டாக வேண்டும். நீண்ட ஓய்வு என்று ஒன்று வந்தால் அது மழைக்காலையில் வந்தது: பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை மீறி வழிந்து வீணாகும் என்பதால் அன்று வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலிக்கும் உறுதி இல்லை. கையில் பொழுது நிறைந்திருந்த நாளில் அதை மனநிறைவோடு செலவிட வழியில்லாமல் இருந்தது என்பதே இதன் பொருள்.

இந்த வாழ்க்கைக்கு ஏற்ற தேயிலை தூளாகத்தான் இருக்க முடியும். ஆலையில் அரைபட்டு உலர்ந்த தேயிலையைச் சல்லடைகளில் சலிக்கும்போது கடைசிச் சல்லடைக்கும் கீழே விழும் மிகச் சிறிய துகள்களே வணிகத்தில் டஸ்ட் எனப்படுகின்றன. இலை சிறுத்தால் நீரைத் தொடும் பரப்பு பெருகும்; பரப்பு பெருகினால் நிறமும் துவர்ப்பும் கஃபீனும் ஓரிரு நிமிடங்களில் வெளியேறிவிடும். 1930களின் தொடக்கத்தில் அஸ்ஸாமில் உருவான சி.டி.சி. இயந்திரம், அதாவது பல் வைத்த உருளைகளுக்கிடையே இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரம், இந்த வேகத்தை இன்னும் கூட்டியது. அப்படி வெளிப்படும் கடுந்துவர்ப்பை டின் பாலும் சீனியும் தணித்தன. பாலிலுள்ள கேசின் என்னும் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்வதால் நாக்கில் அவற்றின் கடுமை குறைகிறது. ஒரு கொதியில் எல்லாவற்றையும் கறந்து, உடலுக்கு வேண்டிய சூட்டையும் சர்க்கரையையும் விழிப்பையும் ஒரே குவளையில் கொடுத்த இந்தப் பானத்தைச் சுவையறியாதவர்களின் பானம் என்று தேயிலை ரசிகர்கள் சிலர் தள்ளிவைப்பது அறியாமை. பெரட்டுக்கு ஓடுகிறவருக்கு மூன்றாம் வடிப்பின் நயம் எதற்கு?

தேயிலை வணிகமும் இதே ஒற்றைக் கொதியின் கணக்கில்தான் தன் அளவுகோலை அமைத்திருக்கிறது. 1980இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் அனைத்துலகத் தரக்குறிப்பு, சுவைத்துச் சோதிப்பதற்காகத் தேநீர் தயாரிக்கும் முறையை வரையறுக்கிறது: 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிட ஊறல். பிறகு வடித்துச் சுவைத்தால் அந்தத் தேயிலையின் சோதனை முடிந்தது. வெவ்வேறு ஊர்களின் இலைகளை ஒரே நிலையில் நிறுத்தி ஒப்பிட இது உதவும், குறையற்ற ஏற்பாடுதான். ஆனால் இரண்டாம் வடிப்பில் என்ன இருக்கிறது, ஆறாம் வடிப்பில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்விக்கு இந்த முறையில் இடமே இல்லை. மெதுவாகக் கொடுக்கும் இலை இத்தகைய சோதனையில் வலுவற்ற இலையாகவே தோன்றும்.

மெதுவாகக் கொடுக்கும் இலைகளில் வெள்ளைத் தேயிலை முதன்மையானது. ஃபூஜியனின் வடகிழக்கிலுள்ள ஃபூதிங், அதற்கு மேற்கே உள்ள ஜெங்ஹெ ஆகிய வட்டாரங்களே இதன் தாயகம். பறித்த இலையை மூங்கில் தட்டுகளில் பரப்பி, ஒன்றரை நாள் முதல் மூன்று நாள் வரை வாடவிட்டு, பிறகு மிதமான சூட்டில் உலர்த்துவார்கள், செய்முறை அவ்வளவே. பச்சைத் தேயிலைபோல் சட்டியில் வறுப்பதில்லை, கறுப்புத் தேயிலைபோல் உருட்டிக் கசக்குவதும் இல்லை. கசக்காததால் இலையின் செல்சுவர்கள் பெரிதும் உடையாமல் நிற்கின்றன. உள்ளே இருப்பது நீரில் ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் கசிந்து கசிந்து வருவதற்கு இதுவே காரணம்.

வெள்ளைத் தேயிலைக்குள்ளும் மேல் கீழ் உண்டு. மொட்டு மட்டுமே கொண்ட பாய் ஹாவ் யின் ஜென் உச்சியில் இருக்கிறது. மொட்டோடு ஓரிரு இளவிலை சேர்ந்த பாய் மூதான் அதற்கு அடுத்தது. கோங் மெய், ஷௌ மெய் என்பவை கீழ்ப்படிகள். இலங்கையின் சில்வர் டிப்ஸும் நீலகிரித் தோட்டங்கள் சில செய்யும் வெள்ளைத் தேயிலையும் உச்சிப்படியோடு போட்டியிடுபவை. விலையும் அதற்கேற்றபடி ஏறும். இங்குப் பேசப்படும் மலிவான வட்டு, கடைசிப் படியான ஷௌ மெய்யால் ஆனது. வசந்தத்தின் பிற்பகுதியிலோ இலையுதிர்காலத்திலோ பறித்த அகன்ற முற்றிய இலைகளும், காம்புகளும், அரிதாகச் சில மொட்டுகளும் கலந்தது அது. தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறிக்கும் மலைகளில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பதே விதி; கூடையில் முற்றிய இலையும் காம்பும் தென்பட்டால் நிறுவையில் எடை கழிக்கப்படும் வழக்கம் அங்கு நெடுநாளாக உண்டு. அங்கே கூலியைக் குறைத்த அதே வகை இலையை ஃபூதிங்கில் தனிப் பெயரிட்டு விற்கிறார்கள். சீனத் தேயிலைக்காரர்களின் பெருந்தன்மை என்று இதைக் கருத வேண்டியதில்லை. நசுக்கிக் கறக்கும் ஆலைக்கு முற்றிய இலை நாராகவும் நிறங்குறைந்த சாறாகவும்தான் படும், வாட்டி உலர்த்தும் முறையிலோ அதன் சர்க்கரையும் பெக்டினும் பயன்படுகின்றன. குறை இலையில் இல்லை, ஆலையின் அவசரத்தில் இருக்கிறது என்று சொல்லலாம்.

உதிரியான ஷௌ மெய் காய்ந்த சருகுக் குவியல்போல் பருத்து இடத்தை அடைத்துக்கொள்வது. ஏற்றி அனுப்பவும் அடுக்கிவைக்கவும் அது தொல்லை. ஆகவே இலையை ஆவியில் இளக்கி, துணிப்பையில் கட்டி, கல்லாலோ இயந்திரத்தாலோ அழுத்தி, 300 அல்லது 350 கிராம் எடையுள்ள வட்டுகளாக்கி மெல்ல உலர்த்துகிறார்கள். பூஅர் என்னும் யுன்னான் தேயிலையின் வட்டைப் பார்த்து எடுத்துக்கொண்ட வழக்கம் இது. வெள்ளைத் தேயிலையில் பெருவழக்கானது அண்மைக்காலத்தில்தான், சீன அரசு அழுத்திய வெள்ளைத் தேயிலைக்கெனத் தனித் தரக்குறிப்பை வெளியிட்டது 2015இல்தான். ஆவியும் அழுத்தமும் சில செல்களை உடைத்துவிடுவதால் வட்டின் சாறு உதிரி இலையின் சாற்றைவிடச் சற்று நிறம் கூடியும் உருண்டையாகவும் அமைகிறது.

சுவைப்பதற்கு வேண்டிய கருவிகள் மிகக் குறைவு. ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் கொள்ளும் மூடிக்கிண்ணம் ஒன்று, வடித்து ஊற்றச் சிறு குவளை ஒன்று, வட்டை விளிம்பிலிருந்து படலம் படலமாகப் பெயர்க்க மழுங்கிய ஊசி ஒன்று இருந்தால் போதும். இலை 5 கிராம். நீர் நன்றாகக் கொதித்ததாக இருக்க வேண்டும். வெள்ளைத் தேயிலைக்குக் கொதிநீர் ஆகாது என்ற அறிவுரை மொட்டுத் தேயிலைக்கு ஓரளவு பொருந்தலாம். முற்றிய இலைக்குப் பொருந்தாது. குழாய் நீரில் குளோரின் வாடை இருந்தால் மூடியைத் திறந்துவைத்துச் சிறிது நேரம் கொதிக்கவிடுவது நல்லது, ஏனெனில் முதல் இரண்டு வடிப்புகளின் மணம் மிக மெல்லியது.

முதல் வடிப்பு, கால் நிமிட அளவில், பெரும்பாலும் ஏமாற்றமே தரும். நீர் வெளிறிக் கிடக்கும். வைக்கோலும் வெயிலில் காய்ந்த இலையும் சேர்ந்தாற்போன்ற மணம் மட்டும் மூக்கில் நிற்கும், நாக்குக்கு எதுவும் எட்டாது. வட்டின் துண்டு இன்னும் கட்டியாகவே இருப்பதுதான் காரணம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் துண்டின் ஓரங்கள் அவிழத் தொடங்கும். நிறம் இளமஞ்சளுக்கு ஏறும். எளிதில் கரையும் கஃபீனும் அமினோ அமிலங்களும் பெருமளவு இங்கேயே வந்துவிடுவதால் ஒரு கூர்மையும், அதனூடே இழையும் இனிப்பும் தெரியும். நான்கிலிருந்து ஆறு வரை இந்த வட்டின் நல்ல பகுதி. தேன் நிறச் சாறு, உலர்ந்த பேரீச்சையை ஒத்த மணம், நாக்கின்மேல் மெல்லிய கனம் படியும் உணர்வு. இந்தக் கனம் பெக்டினாலும் காம்பின் சாற்றாலும் வருவது; மொட்டுத் தேயிலையில் இதை இந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது.

அழுத்திய தேயிலைக்கே உரிய ஒன்று இந்த நடுப்பகுதியில் நிகழ்கிறது. உதிரி இலையில் எல்லா இலைகளும் ஒரே நேரத்தில் நனைந்து ஒரே நேரத்தில் தளர்வதால் சுவை ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும். வட்டின் துண்டோ வெளியிலிருந்து உள்நோக்கி அவிழ்கிறது: ஐந்தாம் வடிப்பில் வெளியிலைகள் ஐந்தாவது முறையாக நீரைத் தொட்டுத் தங்கள் மரமணத்தை விட்டுக்கொண்டிருக்கையில், நடுவில் இருக்கும் இலைகள் அப்போதுதான் முதன்முறையாக விரிந்து முதல் வடிப்பின் வெயில் மணத்தைத் தருகின்றன. இளமையும் முதுமையும் ஒரே குவளையில் கலந்து வருகின்றன. முன்பு போய்விட்ட மணம் ஒன்று ஏழாம் வடிப்பில் திடீரெனத் திரும்பி வந்ததாகச் சுவைப்பவர்கள் சொல்வது கற்பனை அன்று. துண்டின் உள்முடிச்சு அவிழ்ந்த கணம் அது.

துவர்ப்பையும் இங்கே கவனிக்க வேண்டும். தமிழரின் அறுசுவைக் கணக்கில் துவர்ப்பு ஒரு சுவை. இன்றைய உடலியல் அதைச் சுவை என்று கொள்ளாமல், உமிழ்நீரின் புரதங்களைப் பாலிஃபீனால்கள் பற்றிக்கொள்வதால் வாயில் ஏற்படும் உராய்வுணர்வு என்கிறது. எந்தக் கணக்கை ஏற்றாலும் ஷௌ மெய்யின் துவர்ப்பு மென்மையானது. வாயை உலர்த்திவிட்டுப் பின் தொண்டையில் இனிப்பாக ஊறுவது. சீனச் சுவைஞர்கள் பெரிதாகப் போற்றும் இந்தத் திரும்பி வரும் இனிப்பு, நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் தெரிந்ததே. நெகிரி செம்பிலானுக்குத் தெற்கே உள்ள மலாக்காவுக்குப் பெயர் வந்தது நெல்லி மரத்தால்தான் என்று மலாய் வரலாற்று மரபு சொல்வதால், இந்தச் சுவை அந்த வட்டாரத்துக்கும் அந்நியமானதன்று.

எட்டாம் வடிப்புக்குப் பிறகு ஊறும் நேரத்தை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று நீட்டிக்கொண்டே போக வேண்டும். மணம் ஒதுங்கிக்கொள்ளும், தட்டையான, ஆனால் விடாப்பிடியான இனிப்பு நிற்கும். இந்தக் கடைசிப் பகுதியை வெறும் வெந்நீர் என்று கைவிடுபவர் உண்டு. சுவையைவிட நீரின் சூட்டையும் வழுவழுப்பையும் விரும்புபவருக்கு இதுவே பிடித்த பகுதியாகவும் இருக்கக்கூடும்.

கணக்கு எளிது. 350 கிராம் வட்டில் 5 கிராம் வீதம் 70 அமர்வுகள்; ஓர் அமர்வில் 100 மில்லிலிட்டர் வீதம் பத்து வடிப்பு என்றால் 1 லிட்டர். வட்டின் விலையை 70ஆல் வகுத்தால் ஒரு முற்பகலுக்கு ஆகும் செலவு, பல கடைகளில் ஒரு குவளை தே தாரிக் என்னும் ஆற்றிய பால்தேநீருக்குக் கொடுக்கும் காசைத் தாண்டாது. மலிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் பத்து வடிப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; அந்த ஒரு மணி நேரம் யாரிடம் இருந்தது என்பதே கேள்வி. சுங்கை ஊஜோங்கின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரிடமும் அது இருந்ததில்லை. சிறு மூடிக்கிண்ணங்களில் பலமுறை வடித்துக் குடிக்கும் வழக்கம் தென் ஃபூஜியன், சாவ்ஜோ வட்டாரங்களின் வணிகர் வீடுகளோடு நெருங்கிய உறவுடையது. மலாயாவின் சுரங்கத் தொழிலாளர்களோடு சேர்த்துப் பேசப்படுவதோ லியூ பாவ் என்னும் குவாங்ஸியின் கறுந்தேயிலை, அதையும் பெரிய பாத்திரத்தில் மொத்தமாக ஊறவைத்தே குடித்தார்கள். நேரத்தின் பங்கீடு இனவழியில் அமையாமல் வேலைவழியில் அமைந்தது. இன்றைய மலேசியாவில் பாக் குட் தே என்னும் இறைச்சிச் சூப்பு விற்கும் கடைகளில் சிறு கெண்டியில் இலையைப் போட்டு, பக்கத்தில் கொதிக்கும் நீரை மறுபடி மறுபடி வார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால், பழைய வணிகர் வீட்டுப் பொழுது எப்படிப் பொதுச்சொத்தாகியிருக்கிறது என்பது தெரியும்.

தோட்டத் தமிழரிடம் அந்தப் பொழுது வந்து சேர்ந்த வழி அவ்வளவு இனிமையானதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டுமனைகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் விற்கப்பட்டும் போக, லயங்கள் எனப்பட்ட தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து வெளியேறியவர்கள் சிரம்பான், செனவாங், நீலாய் போன்ற இடங்களின் தாமான் எனப்படும் குடியிருப்புகளின் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். பெரட்டு இல்லாத காலை கிடைத்தது, மரமும் மண்ணும் பழகிய அண்டை அயலும் போன பிறகு. தன் உழைப்பின் காலம் முடிந்த முதியவரிடம் பொழுதுபோக்காக ஒரு வட்டைக் கொடுத்து மெதுவாகச் சுவைத்துப் பாருங்கள் என்று சொல்வதில் ஒருவகை அபத்தம் இருக்கிறது; அதைத் தேயிலையின் புகழ்பாடிகள் உணர்வதில்லை. ஆனாலும் அந்த முதியவருக்கு மட்டும் அது ஏன் மறுக்கப்பட வேண்டும் என்ற எதிர்க்கேள்வியும் நியாயமானதே.

மலிவான வட்டுகளில் மோசடிக்கும் குறைவில்லை. வெள்ளைத் தேயிலை பழசாகப் பழசாக மருந்தாகிறது என்ற வணிகப்பேச்சு பரவியபின், புது இலையை ஈரமும் சூடும் கொடுத்துக் கறுக்கவைத்துப் பழையது என்று விற்பவர்கள் தோன்றினார்கள். ஃபூதிங்கின் தாய்மூ மலையில் அம்மை கண்ட குழந்தைகளுக்கு ஒருத்தி வெள்ளைத் தேயிலை கொடுத்துக் காத்த நாட்டார் கதை அழகானது. வட்டின் உறையில் அச்சிட்டதால் அது மருத்துவச் சான்றாகிவிடாது. கறுக்கவைத்த வட்டை ஒரே வடிப்பில் கண்டுபிடிப்பது கடினம், ஏனெனில் அடர்நிறமும் இனிப்பும் அதற்கும் உண்டு. நான்காம் ஐந்தாம் வடிப்பில் அது வெளிப்பட்டுவிடும்: எல்லா இலையும் ஒரே செம்பழுப்பாக இருக்கும், சாறு முதல் வடிப்பில் இருந்த அதே முகத்தோடு மங்கிக்கொண்டே போகும், நடுவில் எதுவும் மலராது. சரியாக உலராத வட்டு என்றால் அதன் நடு இலைகள் அவிழும்போது புளித்த வாடை எழும். வட்டைச் சோதிக்கப் பல வடிப்பைவிடக் கண்டிப்பான முறை இல்லை.

நெகிரி செம்பிலானின் ஈரக்காற்றில் இதைச் சேமிப்பது தனிப் பாடு. ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் மிகுந்த அங்கே, திறந்துவைத்த வட்டு விரைவில் நிறம் ஏறும். கவனம் தப்பினால் பூஞ்சணமும் பூக்கும். பூஅருக்கு மலேசியச் சேமிப்பு பேர்பெற்றது என்பதைக் கேட்டு வெள்ளைத் தேயிலையையும் காற்றாட வைக்கலாகாது. ஈரம் புகாத உறையில் இட்டு, மூடிய டின்னில், மசாலாவும் கருவாடும் இல்லாத அலமாரியில் வைப்பதே முறை. தேயிலை பக்கத்துப் பொருளின் வாடையைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளும்.

பத்தாம் வடிப்பும் முடிந்த இலையைக் கொட்டிவிடுவது வீண். ஷௌ மெய்யின் தடித்த இலையும் காம்பும் வெந்நீருக்குக் கொடுக்காத சிலவற்றைக் கொதிக்குக் கொடுக்கும். அரை லிட்டர் நீரில் இட்டுப் பத்து நிமிடம் அடுப்பில் கொதிக்கவிட்டால் செந்நிறமான, மூலிகைக் கஷாயத்தை நினைவூட்டும் இனிய நீர் கிடைக்கிறது. பழைய ஷௌ மெய்யைச் சீனர்கள் பலர் தொடக்கத்திலிருந்தே இப்படிக் காய்ச்சித்தான் குடிக்கிறார்கள். தேயிலையைச் சட்டியில் போட்டுக் காய்ச்சுவது தோட்டத்துக் கரடுமுரடு என்று கருதும் சுவைஞர் இந்த இடத்தில் தோட்டத்து அடுப்பையே நாட வேண்டியிருக்கிறது. டின் பால் மட்டும் இதில் ஒட்டாது. பற்றிக்கொள்ள வேண்டிய துவர்ப்பு முன்னைய வடிப்புகளிலேயே பெரும்பாலும் போய்விட்டதால் பாலின் வாசனையே மேலோங்கி நிற்கும். சீனி சிறிது சேர்க்கலாம். இஞ்சி தட்டிப் போட்டால் இன்னும் நன்று.